மேலே கை, கீழே கால்

எங்கள் ஊரில் கூடைப்பந்து இரண்டு மாடிகளில் நடக்கும். கைகள் மேல்மாடி, கால்கள் கீழ்மாடி. ஆட்டக்காரர்களின் இடுப்பு உயரத்தில் நடுத்தளம் ஓடுகிறது. அவர்கள் போகிற பக்கமெல்லாம் அது விலகி வழிவிடும், பின்னால் மூடிக்கொள்ளும். இடுப்பளவு தண்ணீரில் நடப்பது மாதிரிதான். பழகிவிட்டால் ஒன்றும் தெரியாது.

நான் கீழ்மாடி நடுவர். பெயர் ஆறுமுகநயினார்.

கீழ்மாடியில் நிற்க முடியாது, தலை இடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் காருக்கு அடியில் போக மெக்கானிக்குகள் சக்கரப் பலகை வைத்திருப்பார்கள். சங்கத்தில் எனக்கு அப்படி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் குப்புறப் படுத்து, கையால் தரையைத் தள்ளித் தள்ளிப் போவேன். வாயில் விசில். சுற்றிப் பத்துப் பேரின் இருபது கால்கள் ஓடும். ஷூ வாசனையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் சங்கச் செக்ரட்டரி தனுஷ்கோடி. செய்யவைத்தது டிராவல்.

டிராவல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம். கையில் பிடித்துவிட்டால் இரண்டு எட்டுதான். பிடிக்கிற நேரத்தில் ஏற்கெனவே தரையில் ஊன்றியிருந்த கால் கணக்கில் வராது. அதற்குப் பிறகு மூன்றாவது எட்டு வைத்தால் டிராவல், நடுவர் ஊத வேண்டும். விதி இவ்வளவுதான். சொன்னால் யாருக்கும் புரியும்.

கண்டுபிடிப்பதில்தான் சனியன் இருக்கிறது. பிடிப்பது கை. வைப்பது கால். பந்தைப் பார்த்தால் கால் போச்சு. காலைப் பார்த்தால் பந்து போச்சு. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் ஆட்டக்காரியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அதுவும் நன்றாக இருக்காது.

அதனால் நாங்கள் வருடக்கணக்காகக் குத்துமதிப்பாகத்தான் ஊதினோம். பார்க்க அசிங்கமாக இருந்தால் டிராவல். அழகாக இருந்தால் இல்லை. செக்ரட்டரிக்கு இது பொறுக்கவில்லை. "ஒரு ஆளால ரெண்டையும் பாக்க முடியலைன்னா ரெண்டு ஆளைப் போடும்" என்றார். போட்டார்கள். ஆளைப் போட்ட பிறகு மாடியையும் போட்டார்கள்.

மேல்மாடி நடுவர் அற்புதமேரி டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவரை நான் பார்த்தது கிடையாது. அவருக்கு மேல் வாசல், எனக்குக் கீழ் வாசல். பந்து கையில் அடங்கியதும் அவர் ஒரு தகரக் குழாயில் "புடிச்சாச்சு" என்று சொல்வார். குழாய் கீழே வந்து என் காதுப்பக்கம் முடியும். கேட்டதிலிருந்து நான் எட்டுகளை எண்ண வேண்டும்.

பந்துக்கு மட்டும் இரண்டு மாடியிலும் அனுமதி உண்டு. தட்டினால் தளத்தைக் கிழித்துக்கொண்டு கீழே வரும், தரையில் மோதும், மேலே போய்விடும். போனது திரும்பி வரவில்லை என்றால் யாரோ பிடித்துவிட்டார்கள். எந்த நொடியில் பிடித்தார்கள் என்பதைத்தான் குழாய் சொல்ல வேண்டும்.

குழாய் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் நீள ஆரம்பித்தது. யாரும் நீட்டவில்லை. ஒரு நாள் வந்து பார்த்தால் ஒரு வளைவு கூடியிருக்கும். இன்னொரு நாள் தூணை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். டீச்சரின் குரல் தாமதமானது. "புடிச்சாச்சு" வந்து சேர்வதற்குள் அந்தக் கால்கள் குதித்து, இறங்கி, மறு பாதிக்கு ஓடியிருக்கும். சில நாள் போன வாரத்து "புடிச்சாச்சு" வரும். ஒரு தடவை "கொத்தமல்லிய மறந்துட்டேன்" என்று வந்தது. அது யாருக்குச் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செக்ரட்டரியிடம் போய்ச் சொன்னேன்.

"குழாய் நீளுது."

"குழாய்னா நீளமாத்தான் இருக்கும்வே."

"தினமும் நீளுது."

"அப்பம் நீரு தினமும் கொஞ்சம் கவனமாக் கேளும்."

கவனமாகக் கேட்டேன். தாமதம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கலாம். சங்கத்தின் தண்டனை சிரிப்பானது இல்லை. ஒரு சீசனில் ஒருவர் மேல் மூன்று டிராவல் ஊதிவிட்டால் அவர் தன் கால்களைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். முழங்காலுக்குக் கீழே. வலிக்காது. ஷூவைக் கழற்றுவது மாதிரி கழற்றி வாங்கிச் சாக்கில் போட்டுக்கொள்வார்கள். இது ரொம்ப அதிகம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "தப்புப் பண்ணினது காலு. அதுக்குக் கையையா வாங்க முடியும்?" என்று செக்ரட்டரி கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஒப்படைத்த கால்கள் சங்க அறையில் இரும்பு அலமாரியில் நிற்கின்றன. மைதானத்தில் மைக் பிடித்து வர்ணனை சொல்லும் லிங்கத்துரையின் கால்களும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவன் மாதிரி ஓடினவன் இந்த வட்டாரத்தில் கிடையாது. இப்போது நாற்காலியிலேயே தூக்கிக்கொண்டு வந்து மைக் முன்னால் வைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அலமாரியைத் திறந்து தன் கால்களுக்கு நகம் வெட்டுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூட இருந்தேன்.

"எப்படிடா இருக்கு?" என்றேன்.

"செருப்புச் செலவு இல்ல அண்ணாச்சி. ஆனா அரிக்கி."

"எங்க?"

"அங்க" என்று அலமாரியைக் காட்டினான்.

நான் எட்டி அந்த இடது பாதத்தைச் சொறிந்துவிட்டேன். நாற்காலியில் இருந்தவன் கண்ணை மூடி, "கொஞ்சம் மேல" என்றான். மேலே சொறிந்தேன்.

இனி ஜான்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜான்சி நூற்பாலைப் பெண்கள் அணியில் ஆடுகிறாள். அவளுடைய கால்களை எனக்கு நன்றாகத் தெரியும். நீல கேன்வாஸ் ஷூ. இடது ஷூவின் நாக்கு எப்போதும் வெளியே தொங்கும், வலதின் ஓட்டையில் நகம் போன கட்டைவிரல் தெரியும். கூடை தொங்கும் ரிங்கை நோக்கி ஓடும்போது அவள் நடையில் ஒரு கோளாறு உண்டு. ஒரு எட்டு நீளம், அடுத்தது ரொம்பக் குட்டை. கழுவிவிட்ட தரையில் தண்ணீரைத் தாண்டிப் போகிறவள் மாதிரி இருக்கும். மேலே கேலரியில் இருப்பவர்களுக்கு அவள் உடம்பு குலுங்குவது மட்டும்தான் தெரியும். குலுங்கியதும் ஊரே கத்தும்: "டிராவல்!"

நான் ஊதியதில்லை. ஆனால் என் தங்கை பேரனுக்குக் காது குத்து என்று நான் போயிருந்த வாரத்தில் எனக்குப் பதிலாகப் படுத்தவர் இரண்டு தடவை ஊதிவிட்டார். கேலரி கத்தியதும் ஊதினாராம். படுபாவி.

இரண்டு ஆகிவிட்டது. பாக்கி ஒன்று. அடுத்த ஆட்டம் ஃபைனல்.

ஃபைனலுக்கு முந்தின நாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மைதானத்துக்கு வெளியே எல்லோரும் முழு ஆளாகத்தான் நடமாடுவார்கள். ஒரு பெண் வந்து எதிரில் நின்றாள். முகம் எந்த முகம் என்று தெரியவில்லை. கீழே பார்த்தேன். தொங்கும் ஷூ நாக்கு. சட்டென்று எழுந்துவிட்டேன்.

ஷூக்களின் மேல் இன்னும் இரண்டு பாதங்கள் இருந்தன, வெறும் பாதங்கள், விரற்கடை அளவு விரல்கள். ஒரு வயது தாண்டிய பெண் குழந்தை அம்மாவின் கால்கள் மேல் ஏறி நின்றுகொண்டு, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா எட்டு வைத்தால் அதற்கும் ஒரு எட்டு.

"சார், நான் ஜான்சி."

"தெரியும்மா. வலது கட்டைவிரல் நகம் முளைச்சிட்டா?"

"அது முளைச்சு விழுந்து மறுபடியும் முளைச்சிட்டு சார். ஒண்ணு கேக்கணும். நான் டிராவலா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"நீ என்ன சொல்லுத?"

"ஓடுறப்ப என் காலை நான் எப்படி சார் பாக்க? நான்தான் மேல்மாடில இருக்கேனே."

நியாயமான பதில். எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை.

"நீங்கதான் சார் கீழ கிடக்கிய. நீங்க சொல்லுங்க."

"எனக்கும் தெரியாதும்மா" என்றேன். "குழாய் பேசல. பேசலைன்னா நான் ஊத மாட்டேன். அதான் உன்னை விட்டேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. குழந்தை என் கழுத்தில் தொங்கிய விசிலையே பார்த்தது.

"இன்னும் ஒண்ணு ஊதினா காலு போயிரும் சார். இவ பேரு ரூபி. என் கால் மேல நின்னாத்தான் நடப்பா. தரையில விட்டா அப்படியே உக்காந்துக்கிடுதா. இவளா நடக்குற வரைக்குமாவது எனக்குக் காலு வேணும்."

"ஊதாதீங்கன்னு சொல்ல வந்தியாக்கும்?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனா? தப்புன்னா ஊதுங்க. தப்பா இல்லையான்னு ஒருத்தருக்காவது தெரியணும். தெரியாமலே காலைக் கொடுக்கச் சொன்னா எப்படி சார்?"

நான் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. ஒரு பெண் ஓடுகிறாள். ஊரே கேலரி கட்டி உட்கார்ந்து பார்க்கிறது. அவள் எத்தனை எட்டு வைக்கிறாள் என்று உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. என்ன இது! அலமாரியைத் திறந்து, அதில் நிற்கும் கால்களையெல்லாம் கேட்டுப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஃபைனல் சாயங்காலம் தொடங்கியது. எதிரணி நர்சுகள். பத்து வெள்ளை ஷூ, பத்து நீல ஷூ. மேலே லிங்கத்துரையின் மைக் முழங்கியது. குழாய் அன்றைக்குச் சுவரை விட்டு வெளியே போய், வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. முதல் பாதி முழுக்க அதிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. ஒரு அணில் வந்தது.

கடைசி நிமிடம். நூற்பாலை ஒரு புள்ளி பின்னால் இருக்கிறது என்று மைக் சொன்னது. பந்து கீழே வந்து மேலே போனது. மறுபடி வந்தது. பக்கத்தில் நாக்குத் தொங்கும் ஷூ. பந்து மேலே போனது, வரவில்லை. வலது, இடது, வலது. குதித்துவிட்டாள்.

மேலே கேலரி இடிந்து விழுந்த மாதிரி சத்தம். "டிராவல்!"

குழாயைப் பார்த்தேன். பேசவில்லை. நான் ஊதவில்லை. பந்து ரிங்குக்குள் போனதா என்று என்னிடம் கேட்காதீர்கள், ரிங் மேல்மாடியில் இருக்கிறது.

"செக்ரட்டரி ஆட்டத்தை நிறுத்துகிறார்" என்றது மைக். "செக்ரட்டரி சாக்கைப் பிரிக்கிறார்."

பலகையை விட்டு இறங்கி, கீழ் வாசல் வரை தவழ்ந்து, மாடிப்படிக்கு ஓடினேன். அந்தப் படியில் நான் ஏறியதே இல்லை. ஏற ஏறப் படிகள் கூடிக்கொண்டே போயின. பாதி வழியில் குட்டையான ஓர் அம்மா வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்துகொண்டிருந்தார். குரலை வைத்து நான் உயரமான பெண்ணாக நினைத்திருந்தேன்.

"டீச்சரா?"

"நயினார் அண்ணாச்சியா?"

"அவ எப்பம் புடிச்சா?"

"புடிச்சப்பம்."

"அப்பம் காலு எங்க இருந்தது?"

"காலா? நான் எதுக்கு அண்ணாச்சி காலைப் பாக்கேன்?"

"மூணு எட்டு வச்சிருக்கா."

"எதுலயிருந்து மூணு?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கேன்."

"நான் அப்பமே குழாயில சொல்லிட்டேனே."

"வரல."

"வரும்."

படியின் உச்சியில் செக்ரட்டரி நின்றார். கையில் சாக்கு. "ரெண்டு பேரும் சேந்து ஒரு முடிவைச் சொல்லுங்க. சாக்கைப் பிரிச்சாச்சு, சும்மா மடிக்க முடியாது."

"இன்னொரு தடவை ஓடட்டும்" என்றார் டீச்சர். "விட்ட இடத்துலயிருந்து, அதே மாதிரி."

செக்ரட்டரி யோசித்தார். "ஓடட்டும். ஆனா இந்தத் தடவை தெரியலைன்னு சொல்லப்பிடாது. தெரியலைன்னா டிராவல்தான்."

அவர் போனதும் நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? மேல வந்தா காலு தெரியாது. கீழ போனா கை தெரியாது. இந்தப் படியில நின்னா ரெண்டும் தெரியாது."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, நடுவர் பரீட்சையில முதல் கேள்வி என்ன?"

எந்த நடுவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆட்டத்தின் நடுவே பந்து நடுவர் மேல் பட்டால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம். தரையில் பட்ட மாதிரிதான், ஆட்டம் தொடரும். ஏனென்றால் நடுவர் தரையின் ஒரு பகுதி. விதியே அப்படித்தான்.

"தரைதான" என்றேன்.

"அப்பம் போயித் தரையாப் படுங்க. பலகை எதுக்கு? இத்தனை நாளா தரைக்கும் உங்களுக்கும் நடுவுல அதுல்லா கிடந்தது."

கீழே போனேன். பலகையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து நீளமாகப் படுத்தேன். முதலில் ஜில்லென்று இருந்தது. அப்புறம் எது ஜில்லென்று இருக்கிறது, சிமெண்டா கன்னமா என்று தெரியவில்லை. கையை நீட்டினேன். அது எல்லைக்கோடு வரை போனது. முதுகில் வெள்ளைக் கோடுகள் காய்ந்து இழுத்தன. நடு வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் அரித்தது. சொறிய வழியில்லை. லிங்கத்துரையை நினைத்துக்கொண்டேன்.

தரையாக மாறுவது பெரிய காரியமில்லை. வருடக்கணக்காகப் பாதி அப்படித்தான் இருந்தேன்.

மேலே யாரோ "ஓடு" என்றார்கள்.

முதலில் அவள் எடை வந்தது. ஐம்பத்திரண்டு கிலோ இருப்பாள். வலது, இடது, வலது. கூடவே பந்து என் மேல் விழுந்து எழுந்தது. அது எழுந்து அவள் கைக்குப் போகும், திரும்ப விழும். தட்டுகிற வரையில் பந்தின் கனம் அவள் காலில் இல்லை. அது தனி ஆளாக என் மேல் வந்து போய்க்கொண்டிருந்தது.

பந்து கடைசியாக ஒரு தடவை எழுந்தது. அவள் வலது காலை வைத்தாள். வெறும் கால்தான், அவள் எடை மட்டும். அந்தக் கால் என் மேல் அழுந்திக்கொண்டிருக்கும்போதே அதில் கொஞ்சம் கனம் ஏறியது. அரைக் கிலோவும் சொச்சமும்.

அடடா!

பந்து கைக்கு வந்துவிட்டது. கை பிடித்ததைக் கால் வந்து சொல்லிவிட்டது. குழாயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எந்தக் கையில் எந்தப் பொருள் இருந்தாலும் அதன் கனம் கடைசியில் தரைக்குத்தான் வந்தாக வேண்டும். இது தெரியாமல் ஊரைக் கூட்டி மாடி கட்டியிருக்கிறோம். எனக்கு வந்த சந்தோஷத்தில் மைதானத்தின் ஒரு மூலை லேசாகத் தூக்கியது.

பந்து பிடிக்கும்போது ஊன்றியிருந்த கால் கணக்கில் வராது. அடுத்தது இடது, பந்தின் கனத்தோடு. ஒன்று. அடுத்தது வலது, ரொம்பக் குட்டையாக, பந்தின் கனத்தோடு. இரண்டு. அப்புறம் என் மேல் ஒன்றுமே இல்லை. குதித்துவிட்டாள். திரும்ப இறங்கியபோது வெறும் ஐம்பத்திரண்டு கிலோதான் இருந்தாள்.

சுத்தம். கழுவிவைத்த பாத்திரம் மாதிரி சுத்தம். இந்தப் பிள்ளையின் மேலா இரண்டு தடவை ஊதினார்கள்!

கேலரி வழக்கம்போலக் கத்தியது. பந்து ரிங்கில் பட்டுத் தெறித்து, கீழ்மாடிக்கு வந்து ஓரமாக உருண்டது. நான் ஊதவில்லை. ஊதாமல் இருப்பதும் நடுவரின் தீர்ப்புதான். ஆனால் அது யார் காதிலும் விழாத தீர்ப்பு.

"என்னவே நயினாரு, சத்தத்தையே காணும்?" என்றது செக்ரட்டரியின் குரல், மேலேயிருந்து.

பதில் சொல்லப் பார்த்தேன். வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிடிபடவில்லை.

"தெரியலையா? தெரியலைன்னா டிராவல்தான். சொன்னேனா இல்லையா?"

தோல் செருப்புகள் என் மேல் ஏறின. எண்பது கிலோவுக்குக் குறையாது. சாக்குக்குக் கனமே இல்லை. ஜான்சியின் கால்கள் ரிங்குக்கு அடியில் அப்படியே நின்றன. நடுங்கின. அந்த நடுக்கம் எனக்கு முழுதாக வந்தது. ஓடு, தாயி, ஓடு என்று அடித்துக்கொண்டேன். தரை அடித்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

அப்போது செக்ரட்டரியின் வலது செருப்பில் கனம் ஏறியது. அரைக் கிலோவும் சொச்சமும்.

ஆட்டப் பந்து அவருக்கு ரொம்ப முக்கியம். ஆட்டம் முடிந்தால் அதை யாரும் தொடக்கூடாது, அவர்தான் அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். காலடிக்கு உருண்டு வந்ததும் பழக்கத்தில் குனிந்து எடுத்துவிட்டார். ஆட்டம் முடியவில்லை என்பதை மறந்துவிட்டார்.

வலது செருப்பை விட்டுவிட்டேன், அது கணக்கில் வராது. இடது. ஒன்று. வலது. இரண்டு.

இடது.

எங்கிருந்து ஊதினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாலு மூலையிலிருந்தும் விசில் கேட்டது. கேலரியின் கம்புகள் அதிர்ந்தன. ஊர் கப்சிப் என்று ஆனது.

"யாருக்கு ஊதினாரு?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள்.

"பந்து யாரு கையில இருக்கு?" இது டீச்சர்.

"அக்குள்ள" என்றார் செக்ரட்டரி. "நான் ஆட்டக்காரன் இல்லையேம்மா."

"கோட்டுக்கு உள்ள நிக்கிய. பந்து உங்ககிட்ட இருக்கு. மூணு எட்டு."

மேலே டீச்சர் இரண்டு முஷ்டிகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டிக் காட்டியிருக்க வேண்டும். டிராவலுக்குச் சைகை அதுதான். லிங்கத்துரையின் மைக் கிழிந்தது. "டிராவல்! செக்ரட்டரி தனுஷ்கோடி! டிராவல்!" அவன் குரல் உடைந்து அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. சங்க அறைப் பக்கம் இரும்பு அலமாரிக்குள் கால்கள் தடதடவென்று குதித்தன. அதுவும் எனக்கு வந்தது.

"நயினாருக்கு ஊதத் தெரியுது" என்றார் டீச்சர். "தெரிஞ்சும் ஜான்சிக்கு ஊதல. அப்பம் அவ மேல தப்பு இல்ல. அவ காலு அவளுக்கு."

செக்ரட்டரி விதி பிசகாத மனிதர், அதை மறுக்க மாட்டேன். "எனக்கு இது ஒண்ணுதான?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான். பாக்கி ரெண்டு இருக்கு."

பந்தைக் கீழே வைத்தார். சாக்கை மடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் செருப்புகள் ஒவ்வொரு எட்டையும் யோசித்து யோசித்து வைத்து வெளியே போயின.

ஆட்டத்தில் நூற்பாலை தோற்றது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கேலரி கலைந்தது. நர்சுகள் போனார்கள். டீச்சர் மேல் வாசல் வழியாகப் போகும்போது குழாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "எந்திரிங்க அண்ணாச்சி" என்றார். அது எனக்கு நேரடியாகவே கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பலகை மட்டும் சுவரோரம் கிடந்தது.

நீல ஷூக்கள் திரும்பி வந்தன. ஐம்பத்திரண்டு கிலோ இல்லை இப்போது. அறுபதுக்குப் பக்கம். ரூபி அம்மாவின் கால் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"சார்" என்றாள் ஜான்சி. "எங்க இருக்கிய?"

நான் விரிசலைக் கொஞ்சம் அசைத்தேன். அவள் ஷூவால் அந்த இடத்தை மெதுவாகத் தேய்த்துவிட்டாள். அரிப்பு நின்றது. அப்பாடா.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு கனம் பிரிந்தது. நீல ஷூக்களின் மேலிருந்து ஒரு சின்னக் கால் நழுவி என் மேல் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. வியர்த்த பாதங்கள். உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். உட்காரவில்லை. அவள் தலைக்கு மேலே நடுத்தளம் எட்டாத உயரத்தில் இருந்தது. மேல்மாடிக்கு ஒரு விரல்கூடப் போகாமல், தலை, கை, கால் எல்லாம் கீழேயே வைத்து நின்ற முதல் ஆள் அவள்தான். அத்தனை வருடத்தில் என் மேல் ஒரு முழு ஆள் நின்றது அன்றைக்குத்தான்.

பந்து அவளுக்கு முன்னால் கிடந்தது. குனிந்தாள். சின்னப் பாதங்கள் இரண்டும் அகன்று அழுந்தின. பந்து என்னை விட்டு எழுந்தது. அரைக் கிலோவும் சொச்சமும் அவள் காலுக்கு வந்தது. வயிற்றோடு கட்டிப்பிடித்திருக்க வேண்டும். அவள் எடைக்கு அது பெரிய கனம்.

அந்த நேரம் பார்த்து, வேப்பமரத்தைச் சுற்றி, தூணைச் சுற்றி, ஜன்னல் வழியாக அது வந்து சேர்ந்தது.

"புடிச்சாச்சு" என்றது குழாய்.

நான் எண்ண ஆரம்பித்தேன். வலது கால் எழுந்தது, காற்றில் தடுமாறியது, வந்து விழுந்தது. ஒன்று. இடது. இரண்டு. ஜான்சி மூச்சுவிடாமல் நின்றாள், அவள் குதிகால்கள் தரையிலேயே இல்லை. வலது. மூன்று. அப்பட்டமான டிராவல், கண் தெரியாதவன்கூட ஊதுவான். இடது. வலது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.

விசில் என்னிடம்தான் இருந்தது. ஊதவில்லை.